கோலோக் ஆற்றின் இரு கரை: பத்தானிப் போரும் மலேசியாவின் முடியாத கணக்கும்

போன தை மாதம் எங்கள் வளவில், பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், முன்னோருக்குப் படைப்பு. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியிலிருந்து சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு ஹாட்யாய் பக்கம் போனது. வடக்கு மலேசியாவில் நாலு நாள் லீவு விட்டால் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டித் தாய்லாந்துக்குள் போகிற ஊர் அது. 2012 மார்ச் 31 அன்று அங்கே லீ கார்டன்ஸ் ஹோட்டலில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் மலேசியரும் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை என்றவன், என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணே, அங்கிட்டு குண்டு வைக்கிறவன் வச்சுப்புட்டு ஆத்தத் தாண்டி எங்க பக்கம் வந்துர்றான்னு சொல்றாக. எங்க கவர்மெண்டு அவனப் பிடிச்சும் குடுக்கல, அவனுக்குத் துணையாவும் நிக்கல. பேச்சுவார்த்தைக்கு மட்டும் கோலாலம்பூர்ல எடம் போட்டுக் குடுக்குது. எந்தப் பக்கம்தான் நிக்கிறாக?”

அன்றைக்கு என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இந்தக் கட்டுரை அவனுக்கான முழுப் பதில்.

எங்கள் ஐயா கெடாவின் அலோர் ஸ்டாரில் ஒரு மார்க்காவில், அதாவது வட்டிக்கடையில், முதல் ஆளுக்கு அடுத்தாளாக இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் தன் கூட்டாளியான சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, எழுதிக் கொடுத்துவிட்டது. 1945இல் போர் முடிந்ததும் திரும்ப வெள்ளைக்காரன் வந்தான். “கிட்டங்கிய விட்டு நகராமலே நாலு கொடி பார்த்துட்டேன்” என்பாக ஐயா. கிட்டங்கி என்பது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம். மலேயாத் தமிழர் வீடுகளில் சயாம் என்றால் ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்தான் நினைவுக்கு வரும். ஐயாவுக்கோ சயாம் என்றால் ஒருநாள் காலையில் கிட்டங்கி வாசலுக்கு வந்து நின்ற இன்னொரு அரசாங்கம். அந்த எல்லைக்கோடு எவ்வளவு புதியது, எவ்வளவு சுலபமாக நகர்ந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மலேசியாவின் நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

தாய்லாந்தின் தென்கோடியில் பத்தானி, யாலா, நராத்திவாட் என்று மூன்று மாகாணங்கள். கூடவே சோங்க்லா மாகாணத்தின் நான்கு வட்டங்கள். ஏறக்குறைய 20 லட்சம் மக்கள். பத்தில் எட்டுப் பேர் மலாய் பேசும் முஸ்லிம்கள். அவர்கள் பேசும் மலாய், எல்லையாக ஓடும் கோலோக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் கிளந்தானில் பேசும் மலாய்தான். கோலாலம்பூர்க்காரருக்குப் புரியாத பேச்சு இரண்டு கரையிலும் ஒன்றாக ஓடுகிறது. இந்த நிலத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்ந்து வரும் இலங்காசோகம் இந்தப் பத்தானி வட்டாரம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

பின்னாளில் அங்கே பத்தானி சுல்தானகம் வளர்ந்தது. 1780களில் சயாம் அதைத் தோற்கடித்தது. 1902இல் கடைசி ராஜா அப்துல் காதிரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தது. விடுதலையான பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் கிளந்தான். உயிர் போனதும் அங்கேதான். 1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் பிரிட்டனும் சயாமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு பிரிட்டன் பக்கம். பத்தானி சயாம் பக்கம். கையெழுத்துப் போட்டவர்களில் மலாய்க்காரர் யாரும் இல்லை. அண்ணன் வீடு ஒரு நாட்டிலும் தம்பி வயல் இன்னொரு நாட்டிலுமாக ஆனது அன்றைக்குத்தான்.

ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை இரண்டு ‘டி’ போட்டு எழுதினால் தாய்லாந்தின் மாகாணம்; ஒரே ‘டி’ போட்டால் பழைய சுல்தானக நிலம் முழுவதும். அங்கே ஒருவர் எப்படி எழுதுகிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள்.

அண்டை நாட்டின் மழுப்பலை முதலில் தொடங்கிவைத்தது மலேசியா அல்ல, பிரிட்டன். இரண்டாம் உலகப் போரில் சயாம் ஜப்பான் பக்கம் நின்றது. பத்தானி ராஜாவின் இளைய மகன் துங்கு மஹ்மூத் முஹியித்தீன் பிரிட்டிஷ் ரகசியப் படையோடு சேர்ந்து வேலை பார்த்தார். போர் முடிந்தால் பத்தானி மலேயாவோடு சேரும் என்று அந்த மக்கள் நம்பினார்கள். ஆனால் பஞ்சத்தில் கிடந்த பிரிட்டிஷ் ஆசியாவுக்கு அரிசி வேண்டியிருந்தது. 1946 ஜனவரி 1இல் சயாமோடு போட்ட சமாதான ஒப்பந்தத்தில் 15 லட்சம் டன் அரிசி தர வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அரிசி தருகிறவனிடம் நிலத்தையும் கேட்க முடியாது. 1948இல் மலேயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி வெடித்ததும், எல்லையில் தாய்லாந்தின் தயவு இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. பத்தானிப் பேச்சை பிரிட்டன் அத்தோடு விட்டது.

அந்த நாட்களில்தான் ஹாஜி சூலோங் என்ற மார்க்க அறிஞர் 1947இல் தாய்லாந்து அரசிடம் ஏழு கோரிக்கைகள் வைத்தார். பிரிவினை கேட்கவில்லை. மலாய் மொழிக்கு இடம், இஸ்லாமியச் சட்டத்துக்குத் தனி நீதிமன்றம், சதூனையும் சேர்த்து நான்கு மாகாணங்களுக்கும் அந்த மண்ணில் பிறந்த ஒரு தலைவர், அங்கே வசூலாகும் வரி அங்கேயே செலவு, இப்படியான கோரிக்கைகள். 1948 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். அந்த ஏப்ரலில் நராத்திவாட்டில் டுசுன் ஞோர் என்ற ஊரில் எழுச்சி, பல நூறு சாவு. 1954 ஆகஸ்டில் சோங்க்லாவில் போலீஸ் கூப்பிட்டனுப்பியதால் மூத்த மகனையும் இன்னும் இருவரையும் அழைத்துக்கொண்டு போன ஹாஜி சூலோங் திரும்பி வரவில்லை. ஏழு கோரிக்கைகளையும் இன்று படித்தால், ஒரு மாநில அரசு சாதாரணமாக அனுபவிக்கும் அதிகாரத்துக்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேலாகக் கொடுக்காமல் வைத்திருப்பது அதைத்தான்.

1959, 1960, 1968 என்று அடுத்தடுத்து ஆயுத இயக்கங்கள் பிறந்தன. இன்றுவரை நீடித்து நிற்பது 1960இல் ஒரு மதப் பள்ளி ஆசிரியர் தொடங்கிய தேசியப் புரட்சி முன்னணி, பி.ஆர்.என். என்பார்கள். 1968இல் பிறந்த பூலோ இயக்கம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது.

இங்கேதான் மலேசியாவின் கணக்கு தொடங்குகிறது. மலேயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் சின் பெங், பிரிட்டிஷ் படை துரத்தியதில் 1950களின் தொடக்கத்தில் தாய்லாந்துக்குள் பெத்தோங் காட்டுக்கு நகர்ந்துவிட்டார். 1955 டிசம்பரில் எங்கள் உறவுக்காரர்கள் வாழும் கெடாவில், பாலிங் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மலேயாவின் அன்றைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானோடு நடத்திய பேச்சு முறிந்த பிறகு திரும்பவும் அதே காட்டுக்குத்தான் போனார். அவர்களோடு தாய்லாந்து ராணுவம் முழு மூச்சாக மோதவில்லை. கம்யூனிஸ்ட்டுகளின் சண்டை மலேசியாவோடு. அவர்கள் காட்டில் இருப்பது மலாய்ப் பிரிவினைக்காரர்களுக்கு ஒரு தடுப்பு என்று பாங்காக்கில் எண்ணியவர்கள் உண்டு. மலேசியாவும் அதே அளவுகோலால் திருப்பி அளந்தது. பத்தானி இயக்கத்தவர் கிளந்தானில் வீடு எடுத்துத் தங்கினால் கண்டுகொள்ளவில்லை. உன் வீட்டுப் பாம்பு என் தோட்டத்தில், என் வீட்டுப் பாம்பு உன் தோட்டத்தில். நீ அடித்தால் நான் அடிக்கிறேன்.

தாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 1965இலும் 1970இலும் 1977இலும் எல்லை ஒத்துழைப்பு ஒப்பந்தங்கள். துரத்திக்கொண்டு எல்லை தாண்டவும் அனுமதி. ஆனால் 1976இல் பெத்தோங் மக்கள் ஆர்ப்பாட்டம் செய்ததும், அங்கே இருந்த மலேசியப் போலீஸ் படையைத் தாய்லாந்து வெளியேறச் சொன்னது. ஒப்பந்தம் எது, மனசு எது என்று இரண்டு தலைநகரங்களுக்கும் தெரியும்.

1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் கம்யூனிஸ்ட்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். மலேசியாவுக்கு அது தாய்லாந்து செய்த பெரிய உதவி. பெத்தோங்கில் அவர்கள் தோண்டிய சுரங்கம் இப்போது சுற்றுலாத் தலம். தம்பியின் பிள்ளைகள் அதற்குள் போய் எடுத்த படத்தைக் காட்டினார்கள். பதிலுக்கு மலேசியா எதைக் கொடுக்கும் என்று பாங்காக் காத்திருந்தது. 1997இல் ஆசியப் பணநெருக்கடி. தாய்லாந்துப் பிரதமர் சுவான் லீக்பை கேட்டுக்கொண்டதன் பேரில் 1998 தொடக்கத்தில் மகாதீர் அரசு பூலோ தலைவர்கள் சிலரைப் பிடித்துத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது.

தாய்லாந்துக்கு அது வெற்றி. என் கணிப்பில், பின்னால் வந்த பல துயரங்களுக்கு அங்கேதான் விதை விழுந்தது. முகம் தெரிந்த, பேரம் பேசக்கூடிய தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் கற்றுக்கொண்ட பாடம்: மலேசியாவை நம்பாதே, தலைவர் யாரென்று காட்டாதே. பி.ஆர்.என். ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக, ஒருவரை ஒருவர் அறியாத சின்னச் சின்னக் குழுக்களாகத் தன்னைக் கட்டிக்கொண்டது. தெற்கில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று பாங்காக் நம்பிய வருஷங்கள் அவை.

2004 ஜனவரி 4. நராத்திவாட்டில் ஒரு ராணுவ முகாமுக்குள் புகுந்து நான்கு சிப்பாய்களைக் கொன்று, சுமார் 400 துப்பாக்கிகளை அள்ளிப் போனார்கள். அதே நாளில் பல பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். மார்ச் 12இல், சித்திரவதை செய்யப்பட்ட கைதிகளுக்காக வாதாடிய சோம்சாய் நீலபைஜித் என்ற வழக்கறிஞர் பாங்காக் சாலையில் காணாமல் போனார். ஏப்ரல் 28இல் காவல் சாவடிகள் மேல் இளைஞர்கள் பெரும்பாலும் அரிவாளும் கத்தியுமாகப் பாய்ந்தார்கள். அன்று செத்தவர்கள் 100 பேருக்கு மேல். பத்தானியின் பழைய குருசே பள்ளிவாசலுக்குள் மட்டும் 32 பேர். டுசுன் ஞோர் எழுச்சியின் நினைவு நாள் அது.

அக்டோபர் 25, ரமலான் மாதம், கோலோக் ஆற்றங்கரையில் இருக்கும் தாக் பாய் ஊர். கைதான ஆறு பேரை விடச் சொல்லிக் காவல் நிலையத்தின் முன்னால் கூட்டம். ராணுவம் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் சட்டையைக் கழற்றி, கைகளைப் பின்னால் கட்டி, லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராகக் குப்புற அடுக்கிப் பத்தானி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கணக்காக ஆன பயணம். முகாமில் இறக்கும்போது 78 பேர் மூச்சுத் திணறிச் செத்திருந்தார்கள். நோன்பினால் உடம்பு பலவீனமாக இருந்ததுதான் காரணம் என்றார் பிரதமர் தக்சின். அந்த வார்த்தையை அங்கே யாரும் மறக்கவில்லை. இதை எழுதும்போதும் என் கை கொஞ்சம் நின்றுதான் எழுதுகிறது.

இது ஜிஹாதா? அந்தச் சொல்லைத் தள்ளிவிட முடியாது. ஏப்ரலில் இறந்த ஒருவரிடம் ஜாவியில், அதாவது மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறையில், அச்சிட்ட சிறு நூல் ஒன்று கிடைத்தது. பத்தானிக்காகப் புனிதப் போர் செய்யச் சொல்லும் நூல். இயக்கத்தில் சேருகிறவன் குர்ஆன் மேல் சத்தியம் செய்கிறான். கொல்லப்பட்டவர்களில் பிச்சை ஏற்கப் போன புத்த பிட்சுகளும் ரப்பர் பால் வெட்டப் போன ஏழைகளும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மட்டும் 150 பேருக்கு மேல். பிள்ளைகள் பார்க்கச் சுட்டிருக்கிறார்கள். இதற்கு எந்த வரலாறும் நியாயம் ஆகாது. ஆனால் இவர்களின் போர் ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கானது. அல்-காய்தாவோடும் ஐ.எஸ். அமைப்போடும் சேராமல் பி.ஆர்.என். விலகியே நிற்கிறது. 2016 ஆகஸ்டில் ஹுவா ஹின், புக்கெட் வரை குண்டு வெடித்தது போன்ற சில நாட்களைத் தவிரத் தெற்கைத் தாண்டியதில்லை. மலேசியா இவர்களை வெறும் பயங்கரவாதிகள் என்று முத்திரை குத்தத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மலேசியாவுக்குள் இவர்கள் குண்டு வைப்பதில்லை. அங்கே வைத்தால் ஒதுங்க இடம் போய்விடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

தாக் பாய்க்குப் பிறகு மலேசியா பழைய இடத்தில் நிற்க முடியவில்லை. 1998இல் செய்ததுபோல ஆட்களைப் பிடித்துக் கொடுத்தால் கிளந்தான் மக்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த மாநிலத்தை 1990 முதல் ஆள்வது பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி. கோலாலம்பூர் ஆளுங்கட்சி அசந்தால் “சொந்த முஸ்லிம்களைக் காட்டிக்கொடுத்தவன்” என்று மேடை போட்டுவிடும். 2004 டிசம்பரில், கிளந்தான் காட்டில் பயிற்சி நடக்கிறது என்று தக்சின் பகிரங்கமாகச் சொன்னார். மலேசியப் பிரதமர் அப்துல்லா படாவி ஆதாரத்தைக் கேட்டார். 2005 ஆகஸ்டு கடைசியில் நராத்திவாட்டிலிருந்து 131 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஆற்றைக் கடந்து கிளந்தானுக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பு என்றது தாய்லாந்து. அவர்களுடைய மனித உரிமைக்கு உத்தரவாதம் கொடு என்றது மலேசியா. அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் அவர்களைப் பேட்டி எடுத்ததில் பாங்காக்குக்கு இன்னும் கோபம். கடைசியில், தேடப்பட்டவர் என்று சொன்ன ஒருவரை மட்டும் மலேசியா ஒப்படைத்தது. மற்றவர்களைத் திரெங்கானுவில் வைத்துப் பராமரித்தது.

ஒருவரைக் கொடுத்து 130 பேரை வைத்துக்கொண்டது. மலேசியாவின் முழுக் கொள்கையும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களை மண்டபத்தில் இறக்கியதை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. எங்கள் தெருவிலேயே இயக்கப் பையன்களுக்குச் சோறு போட்ட வீடு இருந்தது. சென்னைக்கு ஒரு மனசு, டெல்லிக்கு ஒரு கணக்கு. 1985இல் திம்புப் பேச்சுக்கு இயக்கங்களை டெல்லிதான் நெருக்கி உட்கார வைத்தது. 1986 நவம்பரில் பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு முன்னால் அதே பையன்களின் ஆயுதங்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் பறித்தது. 1987இல் ஒப்பந்தம், பிறகு படை. ஆதரவும் நெருக்கடியும் ஒரே கையிலிருந்து வந்ததை அனுபவித்தவர்கள் நாம். கிளந்தானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் இருப்பது அதே இழுபறி. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: இந்தியா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது, பிறகு படையோடு உள்ளேயும் போனது, மலேசியா இரண்டையும் செய்யவில்லை. தூரத்தில் நிற்பதற்கு அது கொடுக்கும் விலையை அந்தக் கசப்போடு ஒப்பிட்டுத்தான் நான் பார்க்கிறேன்.

அப்படியானால் மலேசியா எதைத்தான் கொடுக்கிறது? பெரும்பாலும், பார்க்காமல் இருப்பதை. ஆற்றின் இரு கரையிலும் உறவுள்ள குடும்பங்களில் தாய்லாந்து அட்டையும் மலேசிய அட்டையும் இரண்டுமே வைத்திருப்பவர்கள் ஏராளம் என்று பாங்காக் பல வருஷமாக முறையிடுகிறது. கோலாலம்பூர் முதல் ஜோகூர் வரை தெருவுக்குத் தெரு இருக்கும், தாய்லாந்துச் சாப்பாடு விற்கும் தொம்யாம் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பத்தானி, யாலா, நராத்திவாட் பையன்களும் பெண்களும்தான். பல்லாயிரம் பேர், பலரிடம் முறையான பர்மிட் இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடியதும் கும்பல் கும்பலாகக் கோலோக் ஆற்றுக்கு வந்து நின்றபோதுதான் எத்தனை பேர் இப்படிப் பிழைக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. அந்தக் கடைகளில் இயக்கத்துக்குப் பணம் வசூலாகிறது என்பது தாய்லாந்து உளவுத்துறையின் பழைய குற்றச்சாட்டு. கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்தக் கடைகளை மூடினால் ஊர் திரும்பும் வேலையற்ற பையன் எங்கே போய்ச் சேருவான் என்பதையும் யோசிக்க வேண்டும். அக்கரைச் சீமைக்குக் கொண்டுவிற்கப் போன பிள்ளை அனுப்பும் பணத்தில் அடுப்பெரிந்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பணம் ஒரு வீட்டை எப்படிச் சண்டையிலிருந்து தள்ளி வைக்கும் என்று நமக்குத் தெரியும்.

இனி பேச்சுவார்த்தை. 2005–06இல் ஓய்வுபெற்ற மகாதீர் லங்காவியில் இரு தரப்பையும் சந்திக்க வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. 2013 பிப்ரவரி 28 அன்று தாய்லாந்துப் பிரதமர் யிங்லக் கோலாலம்பூர் வந்திருந்தபோது, தாய்லாந்து அரசும் பி.ஆர்.என். சார்பில் ஹசன் தாயிபும் முதல் தடவை பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மலேசியப் பிரதமர் நஜிப்புக்குப் பொதுத்தேர்தல் நெருங்கியிருந்தது. இயக்கத்துத் தளபதிகளில் பலருக்கு இந்தக் கையெழுத்தில் சம்மதமே இல்லை, மலேசியா நெருக்கியதால் போட்டது என்ற பேச்சு உடனே கிளம்பியது. ஏப்ரலில் பி.ஆர்.என். யூடியூப்பில் ஐந்து கோரிக்கைகளை வைத்தது. அதில் ஒன்று: மலேசியா வெறும் ஏற்பாட்டாளராக இல்லாமல் நடுவராக இருக்க வேண்டும்.

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. ஏற்பாட்டாளர் என்றால் இடம் கொடுப்பார், ஆட்களைக் கூட்டி வருவார், தேநீர் தருவார். நடுவர் என்றால் தானே யோசனை வைப்பார், சொன்ன சொல்லை மீறினால் கேட்பார். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் திண்ணை கொடுப்பவருக்கும் தீர்ப்புக்குப் பொறுப்பேற்பவருக்கும் உள்ள வித்தியாசம். இது உள்நாட்டு விவகாரம், வெளிநாட்டு நடுவர் கூடாது என்பது தாய்லாந்தின் பிடிவாதம். ஆசியான் உறுப்பு நாடுகள் ஒன்றின் வீட்டுக்குள் இன்னொன்று தலையிடக் கூடாது என்ற விதி மலேசியாவுக்கும் வசதி. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் அரசுக்கும் முஸ்லிம் போராளிகளுக்கும் இடையே வந்த 2014 ஒப்பந்தம் வரை மலேசியா இதைவிடத் துணிந்து வேலை செய்தது; அங்கே மணிலாவே அதற்கு இடம் கொடுத்தது, நடுவில் கடலும் இருந்தது.

2014 மே மாதம் பாங்காக்கில் ராணுவ ஆட்சி. சில வருஷம் வேறு குழுக்களோடு பேசிப் பார்த்தார்கள். ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் இல்லாத பேச்சு அது. 2018இல் மலேசியா புதிய ஏற்பாட்டாளராக முன்னாள் காவல்துறைத் தலைவர் ரஹீம் நூரை அனுப்பியது. 1989இல் கம்யூனிஸ்ட்டுகளோடு பேசி முடித்ததில் பங்கு உள்ளவர். 2019இல் பி.ஆர்.என். தரப்பும் தாய்லாந்து அதிகாரிகளும் மலேசியாவை விட்டுவிட்டு ஜெர்மனியில் ரகசியமாகச் சந்தித்த செய்தி வெளியானது. பேச வேண்டும், ஆனால் மலேசியாவின் திண்ணையில் மட்டும் வேண்டாம் என்று பி.ஆர்.என்.னே எண்ணியிருக்கிறது! தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் தான் ஒளிந்திருக்கும் வீடும் யார் தயவில் இருக்கின்றனவோ, அவர் நடத்தும் பஞ்சாயத்தில் மனம் திறந்து பேச யாருக்கும் கூசும். கடைசியில் 2020 ஜனவரியில் அதே கோலாலம்பூருக்கே பேச்சு திரும்பியது. வேறு போக்கிடம் இல்லை.

அதற்குப் பிறகு 2022 ரமலானில் இருதரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. 2023இல் முன்னாள் ராணுவத் தளபதி சுல்கிப்லி ஜைனல் அபிதீன் ஏற்பாட்டாளராக வந்தார். சமாதானத்துக்கான கூட்டுத் திட்டம் ஒன்று எழுதப்பட்டது. பாங்காக்கில் பிரதமர் மாற மாற மேசை காலியாகிக்கொண்டே இருந்தது. 2004 முதல் இறந்தவர்கள் 7,000 பேருக்கு மேல். அதில் பெரும்பங்கு முஸ்லிம்களே.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. உங்கள் அரசாங்கம் முடிவு எடுக்காமல் குழம்பி நிற்கவில்லை. எடுத்த முடிவே இதுதான். பத்தானி தனி நாடாவதை மலேசியா விரும்பவில்லை. பக்கத்தில் நிலையற்ற ஒரு சின்ன நாடும், ரயிலும் லாரியும் ஓடும் தாய்லாந்து வணிகம் நாசமாவதும் அதற்குக் கட்டாது. பத்தானிக்காரர்கள் நசுக்கப்படுவதையும் விரும்பவில்லை; நசுக்கினால் அகதியாக வருவது கிளந்தானுக்கு, கோபமாக வெடிப்பது மலேசிய வாக்குப்பெட்டியில். இரண்டுக்கும் நடுவில் பேரேட்டைத் திறந்தே வைத்திருக்கிறது. கணக்கை முடித்து ஐந்தொகை போடுவதே இல்லை. 131 பேரைக் காப்பாற்றியதை நான் மனமார மதிக்கிறேன். 1998இல் ஒப்படைத்ததைத் தவறு என்கிறேன். மிண்டனாவோவில் காட்டிய துணிச்சலில் பாதியையாவது பத்தானிக்குக் காட்டலாம் என்பது என் ஆதங்கம்; ஹாஜி சூலோங்கின் ஏழு கோரிக்கைகளை மேசையில் வைத்து, இதில் எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று தாய்லாந்தை நேரடியாகக் கேட்க அண்டை வீட்டுக்காரரைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை. அதேபோல, ஆசிரியர்களைச் சுட்டவன் எங்கள் ஊரில் குடியிருக்க முடியாது என்று பி.ஆர்.என்.னிடம் கண்டிப்பாகச் சொல்லக்கூடியதும் அந்த நாடு மட்டுமே.

தாக் பாய்க்காக அதிகாரிகள் மேல் குற்ற வழக்கு ஏதும் ஏறக்குறைய 20 வருஷம் நடக்கவில்லை. குடும்பங்களே தொடுத்த வழக்கை 2024 ஆகஸ்டில் நராத்திவாட் நீதிமன்றம் ஏற்றது. பெயர் சொல்லப்பட்ட முன்னாள் அதிகாரிகள் யாரும் ஆஜராகவில்லை. 2024 அக்டோபர் 25 நள்ளிரவோடு கால வரம்பு முடிந்து வழக்கு செத்தது. 2025 பிப்ரவரியில் தக்சின் தெற்கே போய் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் ஆசியான் தலைமை ஏற்றிருந்த மலேசியப் பிரதமர் அன்வாருக்கு ஆலோசகர். அவர் வந்த அன்று நராத்திவாட் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது.

அதற்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன், 2024 டிசம்பர் 1 முதல், கிளந்தான் போலீஸ் கோலோக் ஆற்றின் கள்ளத்துறைகளில் கடப்பவர்களைக் கைது செய்யத் தொடங்கியது. படகில் சில நிமிஷத்தில் மகள் வீட்டுக்குப் போன பாட்டிகள் இப்போது ரந்தாவ் பாஞ்சாங் பாலத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். போதைப்பொருளும் துப்பாக்கியும் வரும் வழியை அடைக்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இயக்கத்துக்காரனுக்கு வேறு வழி தெரியும், பாட்டிக்குத் தெரியாது.

தம்பி பினாங்குக்கு விமானம் ஏறுவதற்கு முன் ஐயாவின் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அலோர் ஸ்டார் காலத்து நோட்டு ஒன்று, செல்லரித்தது போக மிச்சம். 1943ஆம் வருஷத்துப் பக்கங்களில் மலாய்க்கார விவசாயி ஒருவரின் பெயருக்கு நேரே வரவும் பற்றும் மாறாமல் போகின்றன. அக்டோபரில் அரசாங்கம் மாறியது அதில் எங்கும் இல்லை.

“இவுக வீடு எந்தப் பக்கம்ணே, இங்கிட்டா அங்கிட்டா?” என்று கேட்டான். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில்தான் செல்லு அரித்திருந்தது.